முத்தாயி கேட்ட பாட்டு

போன மாதம் தம்பி மகனுடைய காரில் கம்பாரிலிருந்து ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். சிம்பாங் பூலாய் வருவதற்குச் சற்று முன்னால், ஒட்டுப்பால் ஏற்றிய லாரி ஒன்றின் பின்னால் மாட்டிக்கொண்டோம். ரப்பர் மரத்தின் வெட்டில் வழிந்து உறைந்ததைச் சுரண்டிச் சாக்கில் அடைத்து, அது மழையிலும் வெயிலிலும் கிடந்து புளித்தால் ஒரு வாடை வரும். அதை நாற்றம் என்று சொல்வதுதான் நியாயம். தம்பி மகன் மூக்கைச் சுளித்துக்கொண்டு கண்ணாடியை ஏற்றினான். நான் என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன்.

"அத்தை, வாந்தி வரும்லா," என்றான்.

எனக்கு வாந்தி வரவில்லை. ஒரு பள்ளிக்கூடம் வந்தது.

அன்று காலை கம்பாரில் ஒரு தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியை என்றால் கழுத்தில் ஒரு மாலையைப் போட்டு மேடையில் உட்காரவைத்துவிடுகிறார்கள். பேசச் சொல்வதில்லை, அது ஒரு சௌகரியம். கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து, "இந்தப் பழைய பாட்டெல்லாம் நம்ம புள்ளைங்களுக்கு என்னாத்துக்கு? கணக்கும் இங்கிலீஷும் பத்தாதா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். தலைமையாசிரியர் பண்பாடு, மொழிவளம், பாரம்பரியம் என்று என்னவோ சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தத் தகப்பனாரின் முகம் மாறவே இல்லை. நானும் வாயைத் திறக்காமல் தேநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதில் என் பக்கம் வந்து சேர அந்த லாரி தேவைப்பட்டது.

ஒட்டுப்பாலுக்கும் பழைய பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சொல்கிறேன்.

இன்றைக்கு நாற்பது வருடங்களுக்கு முன்பு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், எனக்குப் பத்தொன்பது வயதாக இருந்தபோது, பத்து காஜாவுக்கும் சிம்பாங் பூலாய்க்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு வாத்தியாரம்மாவாகப் போனேன். தோட்டத்தின் கிராணி, அதாவது கணக்கும் பேரேடும் பார்க்கிற எழுத்தர், எனக்குச் சித்தப்பா. அவர் வீட்டிலேயே தங்கினேன். ஈப்போவில் மிஷன் பள்ளியில் படித்தவள், ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவள் என்கிற பெருமை தலைக்குள் நிறைய இருந்தது. முதல் நாள் குதிகால் உயர்ந்த செருப்பு போட்டுக்கொண்டு போய் மண்சேற்றில் ஒன்றை விட்டுவிட்டு வந்தேன். பிள்ளைகள் அதைத் தோண்டி எடுத்துக் கழுவி, மேசைமேல் ஏதோ காணிக்கைபோல வைத்திருந்தார்கள்.

பள்ளிக்கூடம் என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். முன்பு ரப்பர் தாள்களைப் புகைபோட்ட பழைய கொட்டகை. பாதிச் சுவர், மேலே தகரம். மழை பிடித்தால் நான் பேசுவது எனக்கே கேட்காது. காலையில் பிள்ளைகள் பெற்றவர்களோடு மரத்துக்குப் போய்ப் பால்கோப்பை துடைத்துக் கொடுத்து, ஒட்டுப்பால் பொறுக்கிவிட்டு, மத்தியானத்துக்கு மேல்தான் வருவார்கள். கை கழுவியிருந்தாலும் அந்த வாடை அவர்களுடன் உள்ளே வரும். முதல் வாரம் கைக்குட்டையில் யூடிகோலோன் வாசனைத் தண்ணீர் தெளித்து மூக்கருகே வைத்துக்கொண்டு பாடம் நடத்தினேன். அடுத்த வாரம் கைக்குட்டையை மறந்துவிட்டேன். அதற்கடுத்து வாடையே தெரியவில்லை.

பாடப்புத்தகம் கப்பலில் வந்தது. அதில் கழனி இருந்தது, நாரை இருந்தது, ஏற்றம் இருந்தது. பிறந்ததிலிருந்து ரப்பர் மரத்தைத் தவிர வேறு விளைச்சலைப் பார்த்தறியாத பிள்ளைகள். "கழனின்னா என்னா வாத்தியாரம்மா, தொரை பங்களா புல்லுத் தரை மாதிரியா?" என்று கேட்டான் ஒருவன். நான் ஈப்போ ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் வளர்ந்தவள். நானும் கழனியைப் படத்தில்தான் பார்த்திருந்தேன். "ஏறக்குறைய" என்று சொல்லிவைத்தேன்.

புத்தகத்தின் கடைசியில் மனப்பாடம் செய்ய நீதி வரிகள் இருந்தன. பிள்ளைகள் அவற்றைத் தலையாட்டிக்கொண்டு ஒரே மூச்சில் ஒப்பிப்பார்கள், கண் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். எனக்கு அது பொறுக்கவில்லை. என்னிடம் வேறு ஒரு புத்தகம் இருந்தது. அப்பா ரயில்வே சரக்குக் கொட்டகையில் வேலை பார்த்தார். உரியவர் வாங்க வராமல் நனைந்துபோன ஒரு பெட்டியிலிருந்து அவர் கேட்டு வாங்கிவந்த பழம்பாடல் தொகுப்பு அது, உரையோடு. பாதிப் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டாத பக்கங்களை நான் பலமுறை படித்திருந்தேன். அவற்றை யாரிடமாவது படித்துக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரே தவிப்பு. அந்தப் பிள்ளைகளிடமாவது காட்டலாமே என்று ஒரு நாள் கையோடு எடுத்துப்போனேன். உண்மையைச் சொன்னால், இலக்கியம் பள்ளிக்கு வந்தது என் தற்பெருமையின் தோளில் ஏறித்தான்.

எடுத்த பாட்டு சின்னது. ஒரு பெண் தான் விரும்பியவனோடு வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். அவள் தாய் வெயில் கொளுத்தும் வழியில் தேடிக்கொண்டு போகிறாள். எதிரே வருகிறவர்களை நிறுத்தி, என் மகளைப் பார்த்தீர்களா என்று கேட்கிறாள். அவ்வளவுதான். வரி வரியாகப் படித்து, கையை ஆட்டிப் பொருள் சொன்னேன். கொட்டகை அப்படியே அடங்கிவிட்டது. ஒரு பிள்ளைகூட அசையவில்லை. என் குரல்வளம் அப்படி என்று நினைத்துக்கொண்டேன்.

முன் வரிசையில் ஒரு சிறுவன் மெதுவாகக் கேட்டான்: "அது நம்ம பாக்கியக்காதானே?"

இரண்டு பேர் சிரித்தார்கள். பெண்கள் வரிசையின் ஓரத்தில் செல்லம்மா என்றொரு சிறுமி சிலேட்டில் முகம் படுகிற அளவுக்குக் குனிந்துகொண்டாள்.

"இல்லப்பா. இது ராஜா காலத்துப் பாட்டு," என்றேன்.

"அப்பவும் லயம் இருந்துச்சா?" என்றான் அவன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீடுகள்தான் லயம்.

நான் வந்து இரண்டு மாதம்கூட ஆகாத சமயம். செல்லம்மாவின் அக்கா பாக்கியம், போன தீபாவளிக்கு முன்பு வீரன் என்கிற மாட்டுவண்டிக்காரப் பையனோடு போய்விட்டாள் என்பதும், பையன் வேறு சாதி என்பதும், அவர்கள் தாய் முத்தாயி அதற்குப் பிறகு லயத்தில் யாரோடும் அதிகம் பேசுவதில்லை என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கதை கிராணி வீட்டுச் சாப்பாட்டு மேசைவரை வந்ததில்லை.

ஆனால் என் கதை அன்று சாயங்காலமே வந்துவிட்டது. புதிதாக வந்த வாத்தியாரம்மா முத்தாயி மகளைப் பற்றிப் பாட்டுக் கட்டிப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறாள் என்று லயம் முழுக்கப் பேச்சு. சித்தப்பா சோற்றைப் பிசைந்தபடி, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

"பொம்பளைப் புள்ளைங்களுக்கு ஓடிப்போறதச் சொல்லித் தர்றியாமே."

"அது பழைய பாட்டு சித்தப்பா. உரை எல்லாம் இருக்கு."

"உரை இருக்கட்டும். மண்டோர் வந்து நிக்கிறான். அவன் மகளை அனுப்பமாட்டானாம், மத்தவங்களும் அனுப்பமாட்டாங்களாம். புள்ளைங்க கொறைஞ்சா தொரை பள்ளிக்கூடத்த மூடிடுவாரு. அவருக்கு இதுவே தெண்டச் செலவு."

மண்டோர் என்றால் ஆட்களை வேலை வாங்குகிற கங்காணி. சித்தப்பா கெட்டவர் இல்லை. அந்தத் தோட்டத்தில் பள்ளி வேண்டுமென்று வெள்ளைக்காரத் துரையிடம் கேட்டு வாங்கியவரே அவர்தான். துரையின் காரைக் கண்டாலே சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிற மனிதர் அதைக் கேட்டார் என்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் பின்னாளில்தான் விளங்கியது. "கணக்குச் சொல்லிக்குடு. எழுத்துக்கூட்டச் சொல்லிக்குடு. வாளியில எத்தன ராத்தல் பாலு இருக்குன்னு அதுங்களுக்குத் தெரிஞ்சாப் போதும். வர்ற வாரம் பெரட்டுக்களத்துல பேசி முடிவு பண்ணிக்கலாம்," என்றார். பெரட்டுக்களம் என்பது விடியுமுன் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடும் இடம்.

மறுநாள் பெண்கள் வரிசை காலியாக இருந்தது. பையன்களுக்குக் கணக்குப் போட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

பள்ளி விடுகிற நேரத்தில் வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். உயரமானவள். முழங்கைவரை காய்ந்த பால் வெள்ளையாகப் படிந்து உரிந்துகொண்டிருந்தது. பாலை எடை போட்டுக் கொடுத்த கையோடு நேராக வந்திருந்தாள். யார் என்று சொல்லாமலே தெரிந்தது. செல்லம்மாவின் மூக்கு அவளுக்கு.

"வாத்தியாரம்மா, நீங்க எம்மவளப் பத்திப் பாட்டுக் கட்டினீங்களா?"

"இல்லக்கா. சத்தியமா இல்ல. அது ரொம்பப் பழைய பாட்டு. நம்ம தாத்தாவுக்குத் தாத்தா பொறக்கறதுக்கும் முந்தி."

"அப்பவும் புள்ளைங்க போச்சா?"

"போச்சு."

முத்தாயி பாதிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். "அந்தப் பொம்பள தேடிக்கிட்டுப் போனாளாமே. செல்லம்மா சொல்லுச்சு."

"போனாங்க."

"நான் போகல," என்றாள். கையில் உரிந்த பாலைக் கிள்ளியபடி, "அவரு வேணாம்னுட்டாரு. பீடோர்ப் பக்கம் யாரோ பாத்ததாச் சொன்னாங்க. கேட்டும் நான் போகல," என்றாள்.

புத்தகத்தை எடுத்து, "படிக்கவா?" என்றேன். படித்தேன். கையை ஆட்டவில்லை. அவளுக்குச் சொல் ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு வரியிலும் நிறுத்தி, "அப்படின்னா?" என்று கேட்டாள். நானும் உரையைப் பார்த்து, அதையும் விட்டுவிட்டு, என் பேச்சில் சொன்னேன். முடிந்ததும் காத்திருந்தாள்.

"கண்டுபுடிச்சாளா?"

"அது பாட்டுல இல்லக்கா. கேக்கறதோட முடிஞ்சிடுது."

"மிச்சத்த ஏன் எழுதல?"

ஆர்மோனியம் வாசித்த, மிஷன் பள்ளியில் படித்த எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இன்றுவரை தெரியவில்லை. முத்தாயி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஞாயித்துக்கிழமை நான் பீடோருக்குப் போறேன். எனக்கு அந்தப் பக்கம் தெரியாது. போர்டு படிக்கத் தெரியாது. நீங்க வாரீங்களா?" என்றாள்.

சித்தியிடம் மட்டும் சொன்னேன். அவர் ஒரு நிமிடம் யோசித்து, இட்லிப் பொட்டலம் கட்டிக்கொடுத்து, "கோயில்ல உனக்கும் சேத்து நான் முழங்கால் போட்டுக்கிறேன்" என்றார். முத்தாயி தன் கணவர் மாரிமுத்துவிடம், "சோறு ஆக்கி வச்சிருக்கேன், பீடோருக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாளாம். அவர் ஒன்றும் சொல்லவில்லையாம். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது என்றாள்.

சிம்பாங் பூலாய்வரை நடந்து, ஒரு சீனர் ஓட்டிய மோட்டார் பஸ்ஸில் ஏறினோம். கோழிக்கூடைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. கோப்பெங், கம்பார், தாப்பா என்று ஒவ்வொரு ஊர்ப் பலகையையும் நான் படிக்க, அவள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள், மனப்பாடம் செய்கிற பிள்ளைபோல. பீடோரில் இறங்கியதும் நான் பஸ் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். யாரிடம், எப்படிக் கேட்பது? கௌரவம் வேறு தடுத்தது. முத்தாயிக்கு அதெல்லாம் இல்லை. எதிரே வந்த முதல் ஆளை நிறுத்தினாள்.

அந்த முதல் ஆள் காய்கறிக் கூடைகளைக் காவடியாகத் தூக்கிவந்த ஒரு சீனக் கிழவர். முத்தாயி தனக்குத் தெரிந்த சந்தை மலாயில், "என் மகள், இவ்வளவு உயரம், ஒரு பையனோடு, மாட்டுவண்டி" என்று கையால் காட்டினாள். அவர் கூடைகளை இறக்கிவைத்துவிட்டு, பொறுமையாகக் கேட்டுவிட்டு, இல்லை என்று தலையசைத்தார். அடுத்து ஒரு மலாய்க்காரப் பெண். அடுத்து பால்மாடு ஓட்டிவந்த ஒரு சிங். சாப்பாட்டுக் கடைக்காரர். ரோட்டோரம் கல் உடைத்துக்கொண்டிருந்த தமிழர்கள். யாருக்கும் தெரியவில்லை. ஆனால் ஒருவர்கூட நிற்காமல் போகவில்லை. கல் உடைத்தவர்களில் ஒருவர்தான், புதிதாக ஒரு வண்டிக்காரன் ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்தில் பலகை ஏற்றுவதாகச் சொன்னார். வெயிலில் அந்தச் செம்மண் வழியில் நடந்தோம். என் செருப்பு இரண்டும் அன்றோடு முடிந்தன.

பாக்கியம் ஒரு குடிசை வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். வயிறு தெரிந்தது. எங்களைப் பார்த்துக் கோடாலியைக் கீழே போட்டுவிட்டு அப்படியே நின்றாள். முத்தாயியும் நின்றாள். நடுவில் ஒரு வாழைக்கன்றும் சில கோழிகளும். நான் அழுதுவிடுவேன் என்று நினைத்தேன். முத்தாயி போய் மகளுடைய இடது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரலில் பால் வெட்டும் கத்தி கிழித்த புதுக் காயம் இருந்தது.

"கத்தியத் தீட்டாம மரத்துல வைக்காதேன்னு எத்தன தடவ சொல்றது," என்றாள்.

அதற்குப் பிறகுதான் பாக்கியம் அழுதாள். நானும் அழுதேன். முத்தாயி அழவில்லை. உள்ளே போய்ச் சட்டி பானையை எல்லாம் எடுத்துவைத்து, சாம்பல் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். வண்டிக்கார வீரன் வந்தபோது அவனைப் பார்த்து, "தண்ணி எடுத்தா," என்றாள். அவன் ஓடிப்போய் எடுத்துவந்தான்.

பெரட்டுக்களத்தில் பேச்சு நடந்த அன்று நான் சித்தப்பாவுக்குப் பின்னால் நின்றேன். பெற்றவர்கள் கூடியிருந்தார்கள். மண்டோர் முதலில் பேசினார். "வயசுக்கு வரப்போற பொண்ணுங்க. இந்தப் பாட்டக் கேட்டா நாளைக்கு ஒவ்வொண்ணா வண்டிக்காரன் பின்னால போயிடும். யாருங்க பொறுப்பு?" பலர் தலையாட்டினார்கள். எனக்கும்கூட ஒரு கணம் அது நியாயமாகப் பட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து முத்தாயி பேசினாள். உட்கார்ந்தபடியேதான்.

"எம்மவ எந்தப் பாட்டக் கேட்டுட்டுப் போனா? அதுக்கு அ, ஆ கூடத் தெரியாது."

யாரோ சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

"நான் அந்தப் பாட்டக் கேட்டேன். அதுல ஓடிப்போனது ஒரு வார்த்தைதான் வருது. மிச்சமெல்லாம் அம்மாக்காரி தேடுறது. நானும் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன். அது நல்லா இருக்குது, மாசமா இருக்குது." எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு, "சின்னது நாளைக்குப் பள்ளிக்கூடம் வரும்," என்றாள்.

மாரிமுத்து கூட்டத்தின் மறுபக்கம் நின்றிருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுக்கவில்லை. சித்தப்பா இருமிவிட்டு, "கணக்கு மொதல்ல. கணக்கு முடிஞ்சு நேரமிருந்தா பாட்டு. அவ்வளவுதான், எல்லாரும் வேலைக்குப் போங்க," என்றார். வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம், "அந்தப் புத்தகத்தக் கொண்டா, நானும் ஒரு தடவ பாக்கறேன்," என்றார்.

மண்டோர் மகள் வரவே இல்லை. மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். என் பிள்ளைகள் கணக்கை எவ்வளவு வேகமாக முடிப்பார்கள் என்கிறீர்கள். முடித்தால்தானே பாட்டு.

மாரிமுத்து மகளைப் பார்க்கப் போகவில்லை, பேரன் பிறந்த பிறகும் போகவில்லை. ஆனால் முத்தாயி பீடோருக்குக் கிளம்புகிற ஞாயிற்றுக்கிழமைகளில் வாசலில் ஒரு கருவாட்டுப் பொட்டலமோ, கட்டி வைத்த சுள்ளி விறகோ இருக்குமாம். யாருக்கு என்று அவர் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

இன்னொன்றும் நடந்தது. லயத்துத் தண்ணீர்க் குழாயடியில் முத்தாயி அந்தப் பாட்டைச் சொல்ல ஆரம்பித்தாள். பாட்டாக இல்லை, கதையாக. அந்தத் தாய் கோப்பெங்கைத் தாண்டுவாள், கம்பாரைத் தாண்டுவாள், பால்மாட்டு சிங்கைக் கேட்பாள். மற்றப் பெண்கள் ஆளுக்கொன்று சேர்த்தார்கள். ஒருத்தி கதையில் மழை வந்தது. ஒருத்தி கதையில் புலி வந்து, பேச்சைக் கேட்டுவிட்டு வழிவிட்டுப் போனது. எல்லாக் கதையிலும் மகள் கிடைத்தாள். நான் திருத்தவில்லை. நாலைந்து வருடம் கழித்து ஈப்போவுக்கு மாற்றலாகிப் போகும்போது, புதிதாகக் கல்யாணமாகி அந்த லயத்துக்கு வந்த ஒரு பெண் அதை எனக்கே சொன்னாள், நான் கேட்டிருக்கமாட்டேன் என்று நினைத்து.

ஜப்பான்காரன் காலம் முடிந்த பிறகு ஒரு முறை முத்தாயியைப் பார்த்தேன். சயாம் ரயில்பாதை வேலைக்குப் பிடித்துப்போன ஆட்களில் மிச்சம் இருந்தவர்கள் திரும்பிவந்துகொண்டிருந்த நேரம். ஈப்போ ஸ்டேஷன் முழுக்கப் பெண்கள். ரயிலிலிருந்து இறங்குகிற எலும்புக்கூடு போன்ற மனிதர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் தலை நரைத்த முத்தாயியும் பாக்கியமும் நின்றார்கள். வீரனையும் ஜப்பான்காரர்கள் பிடித்துப்போயிருந்தார்கள். முத்தாயி என்னை அடையாளம் கண்டு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எல்லாரும் கேக்குறாங்க வாத்தியாரம்மா," என்றாள்.

வீரன் வரவில்லை. முத்தாயி மகளையும் பேரப்பிள்ளைகளையும் தோட்டத்துக்கே கூட்டிப்போனாள். வாசலில் மாரிமுத்து எழுந்து நின்று பாக்கியத்தின் கையிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாராம். செல்லம்மா சொன்னாள். அவள் பத்து காஜா ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தாள். நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது அவள்தான் பார்த்துக்கொண்டாள்.

இன்றைக்கு அந்தத் தோட்டம் இல்லை. துண்டு துண்டாக வெட்டி விற்றுவிட்டார்கள். லயங்களை இடித்த இடத்தில் முதலில் லாலான் புல் மண்டியது, பிறகு வீடுகள் வந்தன. கொட்டகைப் பள்ளி எங்கே நின்றது என்று என்னாலேயே சரியாகக் காட்ட முடியவில்லை. முத்தாயி, மாரிமுத்து, சித்தப்பா, சித்தி எல்லோரும் போய்விட்டார்கள். குழாயடியில் தண்ணீருக்குக் காத்திருந்த பெண்களின் பிள்ளைகள் ஈப்போவிலும் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். அவர்களில் சிலரைத் தற்செயலாகச் சந்தித்தபோது கேட்டுப் பார்த்தேன். ஒருவர், "அம்மா ஏதோ சொல்லும், புலி வரும்," என்றார். அதற்கு மேல் நினைவில்லை. அந்தப் பழைய பாட்டு இப்போது நல்ல தாளில், பிழையில்லாமல் அச்சாகிக் கடையில் கிடைக்கிறது. அது கேள்வியோடு நின்றுவிடுகிறது. முத்தாயி சொன்ன, மகள் கிடைக்கிற கதை எந்த அச்சிலும் இல்லை.